ஆணித்துளை

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கரும்பலகையில்
இடப்பக்கம், மேலிருந்து இரண்டு சாண் கீழே
ஓர் ஆணித்துளை.
புயலுக்கு முந்தின வருஷம்
உலக வரைபடம் மாட்ட யாரோ அடித்ததாம்.
வரைபடம் போய்விட்டது.

நாற்பத்தோரு நோட்டுகள் திருத்தினேன்
ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் சோறு கொதிக்க.
அமிலம், காரம், உப்பு.
எல்லாருக்கும் ஏதோ பிழைகள்,
கவின்ராஜ் நோட்டில் மட்டும் ஒன்றுமில்லை.
அச்சடித்த மாதிரி எழுத்து.
பக்கத்துக்குப் பக்கம் நானே போட்ட
சிவப்பு ‘நன்று’கள்,
ஒன்றரை வருஷத்து நன்றுகள்.

பதினேழாம் பக்கத்தில் கை நின்றது.
‘காரங்கள் க்சப்புச் சுவை கொண்டவை.’

க தலையில் ஒரு புள்ளி.
தெரியாமல் சிந்திய மை இல்லை,
அழுத்தி, உருட்டி, கவனமாக வைத்த புள்ளி.
அடுத்த பக்கம் திருப்பினேன்:
‘உப்பு’வின் உ தலையிலும்.
உயிரெழுத்துக்குப் புள்ளி வைக்கும் இலக்கணம்
எந்த ஊரில் இருக்கிறது?
அதற்கடுத்த பக்கத்தில்
இரண்டு சொல்லுக்கு நடுவே, வெறும் காகிதத்தில்.
எல்லாம் இடப்பக்கம். எல்லாம் நான்காவது வரி.

சோறு குழைந்துபோனது.

மற்ற நாற்பது பேரும்
துளையைத் துளையென்று விட்டுவிட்டுச்
சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.
எது சொல், எது துளை என்று பிரிக்க
வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.
இவன் பலகையை வரைந்திருக்கிறான்.
அமிலத்தை, காரத்தை,
என் எழுத்தின் சாய்வை,
அவசரத்தில் நான் வால் முடிக்காமல் விடும் ‘ழ’வை.

காலாண்டு விடைத்தாளைத் தேடி எடுத்தேன்.
வினாத்தாளையே அழகாக எழுதிவைத்திருக்கிறான்,
‘மொத்த மதிப்பெண்கள்’ உட்பட,
‘திருப்புக’ உட்பட.
நான் போட்டது நான்கு.
கையெழுத்துக்காக என்று ஞாபகம்.

திங்கட்கிழமை எமிஸில் வருகை ஏறவில்லை.
சிக்னலுக்காக ஜன்னலோரம்
போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.
தெற்கே தொழிற்பேட்டைப் பக்கமிருந்து
அழுகிய முட்டை வாடை.
‘இன்னைக்கு எந்த கேஸ் டீச்சர்?’ என்றாள் மேகவர்ஷினி.
பாடத்தில் இல்லை என்றேன்.
பிறகு அவனைக் கூப்பிட்டு, ‘இதைப் படி.’

பக்கத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
‘தொண்டை கட்டியிருக்கு டீச்சர்.’
போன வருஷமும் இதே தொண்டைதான்.
நம்பியிருந்தேன்.
நம்புவது சுலபமாக இருந்தது.

‘சயின்ஸ் டீச்சர் கண்டுபிடிச்சீங்களா?’
தமிழ் வளவன் சார் சிரித்தார்.
தன் கட்டிலிருந்து அவன் நோட்டை உருவிப்
புரட்டிய பிறகு சிரிக்கவில்லை.
ஆறாவதில் கவனிக்காமல் விட்டார்கள் என்றார் ஒருவர்.
ஆறாவது, ஐந்தாவதைக் கைகாட்டியது.
தலைமையாசிரியை சொன்னார்,
‘பத்தாவது ரிசல்ட்டைப் பாருங்க மொதல்ல.’

மதிய இடைவேளையில் இருபது நிமிஷம் கிடைக்கும்.
செவ்வாய் வந்தான். புதன் வரவில்லை.
விடிகாலை மூன்றுக்குத் துறைமுகத்தில்
ஐஸ் உடைக்கப் போகிறவன்,
சோறு உள்ளே போனதும் கண் சொருகிவிடும்.
வியாழன் வந்து, கடைசி பெஞ்சில் நின்றபடியே
‘எட்டாவது பசங்க யாரும் பாக்கக் கூடாது’ என்றான்.
கதவைச் சாத்தினேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?
எனக்கு அந்தப் பயிற்சி யாரும் கொடுக்கவில்லை.
சுண்ணக்கட்டியை எடுத்து
துளைக்கு நேர் கீழே
‘ம’ எழுதினேன்.
துளையைத் தொட்டுக் காட்டி,
‘புள்ளி வெச்சா வாயை மூடிக்கணும்’ என்றேன்.
மூடிக்கொண்டான்.
‘இப்போ சத்தம்.’

ம்.

‘இதுவா டீச்சர்?
இதைத்தான் தெனமும் சொல்றேனே.’

மணி அடித்துவிட்டது.
‘ம்’மை அழிக்காமல்
அதற்குப் பக்கத்தில் உப்புகளின் வகைகளை எழுதிப்போட்டு
வழக்கம்போல் திரும்பி
‘புரிஞ்சுதா?’ என்றேன்.

நாற்பத்தோரு ‘ம்’.

முன்வரிசையில் மேகவர்ஷினி,
நோட்டை மூடி வைத்துக்கொண்டு,
எல்லாரையும் விடச் சத்தமாக.