ஆறு சட்டி மணல்

தையல்நாயகி கேட்டது
ஆறு சட்டி மணல்.
நான் ராத்திரிக்கு மூன்று லோடு அடிப்பவன்.
சிரித்தேன்.

கொள்ளிடத்துத் தென்கரை,
புத்தூருக்குக் கிழக்கே வீடு.
பஞ்சாயத்துக் குழாய் செத்துப் பதினைந்து நாள்.
குளத்துத் தண்ணீர்தான் குடமேறுகிறது.
சின்னவனுக்கு அந்த மாதம்
இரண்டாம் முறை வயிற்றுப்போக்கு.

கிராம நர்ஸ் கொடுத்த தாளில்
ஒரு ட்ரம்மைக் குறுக்கே அறுத்த படம்.
அடியில் கூழாங்கல், அதன்மேல் பொடிக்கல்,
மீதியெல்லாம் மணல்.
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள்,
கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில்.

லாரியிலிருந்து அள்ளிவந்த முதல் சட்டியை
மூக்கருகே கொண்டுபோனாள்.
"டீசல்."
கொல்லையில் கொட்டினாள். பூனைக்கு ஆயிற்று.

மறுநாள் டயர் தடமில்லாத இடம் பார்த்து
நானே இறங்கிக் கையால் அள்ளினேன்.
பதினாறு வருஷத்தில்
மணலைத் தொட்டது அன்றுதான்.
உள்ளே சில்லென்று இருந்தது.

கொசுவலையில் ஒரு சலிப்பு,
மாவுச் சல்லடையில் ஒரு சலிப்பு,
பிறகு அலசல்.
பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி
நாலு எண்ணுவாள்.
மறுபக்கம் என் விரல் தெரிகிறதா?
தெரியவில்லை. மறுபடி.
தெரியவில்லை. மறுபடி.
ஒன்பதாம் அலசலில்
மோதிரம் மங்கலாகத் தெரிந்தது.
"போதும். ரொம்பக் கழுவினா
ஓட்டம் வேகமாயிடும்."
வேகம் கூடாதாம்.
விடியுமுன் விழுப்புரம் தாண்டுகிறவனிடம் சொல்கிறாள்.

ட்ரம் அடுப்படி மூலையில் நின்றது.
மேலே குளத்தை ஊற்றினால்
பக்கத்துக் குழாயில்
நூல் மாதிரி இறங்கியது.
டம்ளரை நீட்டினேன்.
கையைத் தட்டிவிட்டாள்.
"இன்னும் உயிர் வரலை."

மணலுக்கு உயிரா?
மேலே ஒரு விரல்கனத்துக்குத் தோல் பிடிக்குமாம்.
கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கூடி
கண்ணுக்குத் தெரியாததைத் தின்னுமாம்.
மூன்று வாரம் ஆகும்.
தினமும் ஊற்றணும், கலக்கக்கூடாது,
மணலுக்கு மேல் இரண்டங்குலத் தண்ணீர்
எப்போதும் நிற்கணும்.
காய்ந்தால் போச்சு.
அதுவரை கொதிக்கவைத்ததுதான்.
உப்பு மட்டும் போகாது என்று
நர்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டாராம்.
கடல் ஏறி வருவதற்கு
ட்ரம் என்ன செய்யும்.

பதினெட்டாம் நாள் ராத்திரி
ஸ்டியரிங்கில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
பொக்லைன் வாய் ஆற்றில் இறங்கியது.
முதல் கடியிலேயே அந்த விரல்கனம் போயிற்று.
பிறகு ஓராள் ஆழம்.
பிறகு ஈரம்.
பிறகு கலங்கல்.
இதுவரை ஏற்றியதில் எத்தனை ட்ரம் என்று
கணக்குப் போட ஆரம்பித்தேன்.
லோடுக்கு இத்தனை சட்டி,
ராத்திரிக்கு மூன்று லோடு,
வருஷத்துக்கு
கிளீனர் பொன்னுரங்கம் கதவைத் தட்டினான்.
"அண்ணே, நெறஞ்சிருச்சு."
எடுத்தேன்.
தவணை இன்னும் பதினோரு மாசம் இருக்கிறது.

இருபத்திரண்டாம் நாள் விடிகாலை
தட்டு மூடி ஒரு டம்ளர் வைத்திருந்தாள்.
சின்னவன் ஏற்கெனவே குடித்துவிட்டுத்
தூங்கிப்போயிருந்தான்.
பாசி வாசம் இல்லை.
கொஞ்சம் உப்பு.
பாதி குடித்தேன்.

குழாயில் சொட்டு நின்றிருந்தது.
மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
இரண்டங்குலத் தண்ணீர்,
அதில் அடுப்படி பல்பு
அசையாமல் கிடந்தது.
லாரிச் சாவியை
ஆணியில் மாட்டாமல்
சத்தமில்லாமல்
துண்டின்மேல் வைத்தேன்.