ஆணியாகவும் இருக்கலாம்

குளிக்கும்போது காணவில்லை.
கவசத்தைக் கழற்றி
வியர்வையில் ஒட்டிய சட்டையைப் பிய்த்தெடுக்கையில்
வடுவின் கீழ்க்கரையில் விரல் இடறியது.
ஒரு பயறளவு.
பக்கத்தில் இன்னொன்று, அதைவிடச் சிறிது.

வேர்க்குரு என்றாள் சுகந்தமலர்.
ஒட்டுசுட்டான் வெயிலில் இந்தக் கவசத்துக்குள்
ஆருக்குத்தான் வராது?
தன் கழுத்தைத் திறந்து காட்டினாள்,
சிவந்து, பொரிந்து, நகம் பட்டு.
அவளுடையது கடித்தது.
என்னுடையது ஒன்றும் சொல்லவில்லை.

நோகாமல் கிடப்பதை நான் நம்புவதில்லை.
பதினொரு வருசமாக இதே வேலை.

போல்பேனையால் சுற்றிவர ஒரு கோடு போட்டேன்.
அழிய அழியப் போட்டேன்.
பவுடர் பூசினேன், பட்டியைத் தளர்த்தினேன்,
இரண்டு கிழமை.
வேர்க்குரு போய்விட்டது, சுகந்தமலருக்கு.
எனக்குக் கோட்டின்மேல் ஏறி நின்றது.
மூன்றாவது ஒன்று
கோட்டுக்கு வெளியே.

இரவு, மகன் உறங்கியபின்
கைக்கண்ணாடியைச் சன்னலில் சாய்த்து
உடம்பைப் பாதை பாதையாகப் பிரித்தேன்.
காறையெலும்பின் பள்ளம். கமுக்கட்டு.
மிஞ்சியிருக்கும் முலை.
முதுகு எட்டாத நிலம்.
போனில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன்.
ஒரு கறுப்புப் புள்ளி.
பழசா, புதுசா?
என் முதுகை நான் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

முள்ளியவளை தாண்டும்வரை பஸ்ஸில் இருக்கை இல்லை.
மாஞ்சோலையில் டொக்டர் ருஸ்னா
அடிமட்டம் வைத்து அளந்தார். ஏழு மில்லிமீற்றர்.
அழுத்தினார். நோகுதா? இல்லை.
அசைத்தார். தோலும் கூட அசைந்தது.
பிறகு என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி
வடுவுக்கு மேலே, தோடம்பழத் தோல்போலத்
துளைதுளையாய்த் தடித்த ஓரிடத்தில்
விரலை நிறுத்தினார்.
அதுவரை நான் கெட்டிக்காரி.

“இவ்வளவு சின்னதை எப்பிடிக் கண்டனீங்கள்?”
“அதுதான் டொக்டர் என்ர வேலை.”
கோப்பைப் புரட்டினார்.
தொழில்: மிதிவெடி அகற்றல்.
சிரிக்கவில்லை.

“பாத்துச் சொல்லேலாது.
தையல்நூலின்ர முடிச்சாகவும் இருக்கலாம்.
ஆனா உங்களுக்கு முந்தி வந்திருக்கு,
ஒரு துண்டு எடுத்துத்தான் பாக்கோணும்.
அதுவெண்டாலும்
பழசின்ர குணம்தான் இதுக்கும் எண்டில்லை,
திரும்பச் சோதிக்கோணும். ஸ்கேனும் எடுக்கோணும்.”

தலையாட்டினேன். எங்களுக்கும் அதுதான் சட்டம்.
கருவி கத்தினால்
பெரும்பாலும் சோடா மூடி, வேலிக்கம்பி, ஆணி.
தெரியும்.
தெரிந்தாலும் முழந்தாளிட்டு
பக்கவாட்டில் இருந்து, விரற்கடை விரற்கடையாக.

ஒன்றுதான் பொருந்தவில்லை.
மிதிவெடி, வைத்தவன் வைத்த இடத்திலேயே
முப்பது வருசம் கிடக்கும்.
வளராது. இரவோடிரவாக
அடுத்த காணிக்குப் போய்க் குடியேறாது.
துப்பரவாக்கிய நிலத்துக்கு ஒரு கடுதாசி கொடுப்போம்,
சனம் வந்து கச்சான் போடும்.
நாலு வருசத்துக்கு முன் தெல்லிப்பழையில்
எனக்கும் ஒரு கடுதாசி தந்தார்கள்.
அதை நம்பித்தான் கடன் எடுத்து
அடுக்களைக்கு ஓடு போட்டேன்.

விறைப்பூசி.
பேனை மூடி அளவில் ஒரு வட்டக் கத்தி.
போத்தலுக்குள் மிதந்தது
ஒரு அரிசி அளவு நான்.
வெளியே தேவராணி என்று எழுதியிருந்தார்கள்.
தவராணி, என்றேன்.
வெட்டித் திருத்தும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

இரண்டு தையல்.
அது ஆறும்வரை கவசம் போடக்கூடாது.
முடிவு வர மூன்று கிழமை, நாலும் ஆகலாம்.

கூடாரத்துக்குள் இருந்து
வரைபடத்துக்கு நிறமடிக்கிறேன்,
முடிந்த சதுரத்துக்குப் பச்சை.
ஒன்பதாம் பாதையில் கருவி கத்துகிறது.
சுகந்தமலர் கையை உயர்த்துகிறாள்.
நான் பென்சிலைக் கீழே வைக்கிறேன்.

முக்கால் மணித்தியாலம்.

ஆணி, என்றாள்,
கையில் எடுத்த பிறகு.