நிகர எடை

நகரிக்கு இரண்டு கல் தெற்கே
மாந்தோப்பு நடுவில் என் எடைமேடை.
ஆனி முழுக்க நீலமும் பெங்களூராவும்
டிராக்டரில் வந்து சீட்டு வாங்கிக்கொண்டு
ஜூஸ் ஆலைக்குப் போகும்.

அன்று விடிகாலை தேசம் வந்தது,
ஏழு லாரிகளில்.
முதல் வண்டியில் பாதம்.
பெருவிரல் நகமே என் மேசை அகலம்.
அடுத்ததில் அறுந்த சங்கிலி பிடித்த கை.
அறுந்தபடியே வார்த்திருக்கிறார்கள்,
மேலும் அறுந்துவிடாமல்
கண்ணிக்குக் கண்ணி சணல் சுற்றி.
பிறகு நெற்கதிர்க் கட்டு,
முந்தானை மூன்று துண்டாக.

கடைசி வண்டியில் தலை.
வைக்கோல்மேல் மல்லாந்து
தூறலை இமைக்காமல் வாங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சரக்கு?"
"தல்லி" என்றான் டிரைவர் ஓபுலேசு.
எனக்குப் புரியாதோ என்று
"அம்மா" என்றான் மறுபடி.
எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு,
வைவதற்கு ஒன்று
அழுவதற்கு ஒன்று.

கம்ப்யூட்டரில் அம்மா இல்லை.
மாங்காய், நூல், கருங்கல், தவிடு,
எல்லாவற்றுக்கும் அடியில் 'இதர'.
இதரவை அழுத்தினேன்.

சிவப்பு எண் நிற்காமல் ஆடியது.
"வண்டியில ஆள் இருக்கா?"
ஓபுலேசு கழுத்துப் பக்கம் போய்த் தட்டினான்.
உள்ளே, கிணற்றில் விழுந்த குடம்போல
ஒரு தும்மல்.
தொண்டை வழியாகத் தவழ்ந்து வந்தான் கிளீனர்,
கையில் பாதிப் புளிசாதம்.
"உள்ள நனையாது அக்கா.
மூக்குப் பள்ளத்துல தலை வச்சா
தூக்கம் அள்ளிட்டுப் போகுது.
கண்ணுதான் உள்ளேர்ந்து பார்த்தா
வெறும் குழி."

அவன் இறங்க, நாற்பது கிலோ குறைந்து
எண் நின்றது.
மொத்தம் பதினாறாயிரத்து இருநூற்று அறுபது.
வண்டி எடை?
வெறும் வண்டி ஏறினால்தானே தெரியும்.
திரும்பும்போது இந்த வழிதானே?
"அங்கேயே வேற லோடு கெடைக்கும் அக்கா."

சில்லறைக்கு நிற்காமல் போனார்கள்.
நிகர எடைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
பின்னால் மாங்காய் டிராக்டர்
ஹாரனை விடவே இல்லை.

பத்து மாதம் கழித்து டிவியில் திறந்தார்கள்.
ஹெலிகாப்டர் பூப்போட்டது.
நானூறு டன் என்றது மறுநாள் பேப்பர்.
நிறுத்தது யார் என்று போடவில்லை.
எல்லாரும் முகத்தைப் பார்த்தபோது
நான் மூக்கைப் பார்த்தேன்:
அந்தப் பக்கம், இருட்டில்,
காய்ந்து ஒட்டியிருக்கும்
புளிசாதம் ஒரு பருக்கையாவது.