அறுபத்தொரு நாள் வாடகை

சித்திரை பிறந்த மறுநாள்
விசைப்படகுகள் கயிற்றில் தூங்கப் போனதும்
இன்னாசியின் ஐஸ் கம்பெனியில்
சாவி வாங்கப் போவேன்.
குளிர் அறை ஒன்று, தெர்மாகோல் பெட்டி நாற்பது,
நாளுக்கு முந்நூறு, கரண்ட் தனி.
"மீன் வாடை போகாது.
பிறகு என்னைச் சொல்லக்கூடாது."
மூன்று நாள் தேய்த்தோம், நானும் சகர்பானும்.
எலுமிச்சை, சோடா: நூற்றெண்பது ரூபாய்.
போகவில்லைதான்.

தங்கச்சிமடத்து மணலில் எனக்கு அறுபது சென்ட்.
பாதி மல்லி, கால் பங்கு வாடாமல்லி,
மீதியில் கோழிக்கொண்டையும்
பிழைக்குமா பார்ப்போம் என்று வைத்த சம்பங்கியும்.
கிணறு பதினெட்டு அடி.
மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல்.
மோட்டார் இருபது நிமிடம்தான் ஓடலாம்.
இருபத்தொன்றாவது நிமிடத்தில்
கிணறு தாய்வீட்டைக் கூப்பிட்டுவிடும்.
இலை நுனி கருகி
ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குச் சேதி வரும்.
அதனால் செல்போனில் ஒரு சேவலை
வைத்துக் கொடுத்திருக்கிறாள் சகர்பான்.
அது கூவினால், யார் பேசிக்கொண்டிருந்தாலும்
பாதியில் விட்டு ஓடுவேன்.

குளிர் அறை இருட்டில்
அரும்பு விரியாமல் நிற்கும்.
மாலைப் பொழுதை இரண்டு நாள்
வாசலிலேயே காக்க வைக்கலாம்.
வாடகை அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.
ஆளுக்கு நானூறு, டீ வடை உட்பட.
செய்த பொக்கேயை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.
சகர்பானின் மகள் நோட்டீசில்
ரோஜாப் படம் போட்டுவிட்டாள்.
எங்களிடம் ரோஜா கிடையாது.
வந்த இரண்டு பேரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.
எட்டு நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தேன்.

மூன்றாவதாக வந்தவர் பூவுக்கு வரவில்லை.
வியாகுலம், படகு டிரைவர்.
மிஷின் எப்போது ஓடும் என்று கேட்க வந்து,
ஃபேன் ஓடுவதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.
அடியில் சவுக்கு இலை,
நடுவில் கரையில் காசில்லாமல் கிடைக்கும் அடம்பம் பூ.
மதியத்துக்குள் அது சுருண்டுவிடும்,
வகுப்பில் நான் அதைச் சொல்வதில்லை.
ரப்பர் பேண்ட் போடப் போனேன்.
"அது நிக்காதுங்க."
சட்டைப் பையிலிருந்து நைலான் நூல்.
வலைக்கண்ணுக்குப் போடும் முடிச்சு,
டீசல் விலையைத் திட்டிக்கொண்டே போட்டார்.
தலைகீழாகப் பிடித்து உதறினார்.
ஒரு காம்பு அசையவில்லை.
நான் ரப்பர் பேண்ட் டப்பாவை மூடினேன்.

மறுநாளிலிருந்து அவருக்குக் கூலி அறுநூறு.
பெரியபட்டினத்தில் இரண்டு நிக்காஹ்,
உச்சிப்புளியில் பன்னிரண்டு மாலை, மேடை, கார்.
பாம்பன் பாலத்துக் காற்றுக்குப் பயந்து
கார்ப் பூவை எப்போதும் பாலம் தாண்டித்தான் கட்டுவோம்.
இந்த வருஷம் இங்கேயே கட்டி அனுப்பினோம்.
ஜன்னலைத் திறந்த பெண்ணின் தலைப்பூ
கடலுக்குப் போனது.
கார்ப் பூ மண்டபம் போய்ச் சேர்ந்தது.
அந்தத் தலைப்பூ நான் கட்டியது.

வைகாசியில் கச்சான் எழுந்து
அரும்புக்குள் மணல் இறைத்தது.
சலித்துச் சலித்துக் கட்டினோம்.
கட்டி முடிப்பதற்குள் தடையும் முடிந்தது.
கணக்கு வாங்கி எண்ணிய வியாகுலம்
"அடுத்த தடைக்கு எழுநூறு" என்றார்.
சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும்.
ராத்திரியோடு பெட்டிகளைக் காலி செய்து கொடுத்தோம்.

நான்காம் நாள் இன்னாசி போன்.
முதல் லோடு இறாலில் மல்லி வாசமாம்.
வாங்குகிறவன் கிலோவுக்கு ஐந்து ரூபாய் பிடித்துவிட்டானாம்.
"பிறகு என்னைச் சொல்லக்கூடாது" என்றேன்.
சிரித்தார். சிரித்து முடித்துப் பணம் கேட்டார்.

செலவு நோட்டில் சித்திரைப் பக்கத்தைப் புரட்டி
"வாடை போக்க, நூற்றெண்பது" என்ற வரிக்குக் கீழே
சகர்பான் எழுதினாள்:
"வாசம் போகாததற்கு, இரண்டாயிரத்து நூறு."
இது நஷ்டமா, விளம்பரமா
என்று நான் கேட்க வாய் திறக்கும்போது
சேவல் கூவியது.