மழை பெய்யாத சனிக்கிழமை

சம்பளம் வாங்கிக்கொண்டு
'இல்லை' என்று சொல்வது என் வேலை.
டெல்ஷெய் மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில்
திருமணப் பிணைப்பின் காப்பாளர் நான்.
இது மணமே அல்ல என்று ஒருவர் அழுதால்
மணமேதான் என்று கடைசிவரை வாதாட
சட்டத்துக்கு ஒருத்தி வேண்டும்.
கல்யாணம் முடிந்து பல வருடம் கழித்து
வந்து சேரும் தரகி.

ஷிவிலேயின் கோப்பு நவம்பரில் வந்தது.
பத்தொன்பது வயதில், அம்மாவுக்குப் பயந்து சொன்ன 'ஆம்'.
தங்கையின் சாட்சியம், நாற்பத்தோராம் பக்கம்:
கோவிலுக்குப் புறப்படும்போதே
அக்காவின் வெள்ளைக் காலணி நனைந்திருந்தது.
விடியலில் ஏரிக்குப் போயிருக்கிறாள்.
முழங்கால்வரை இறங்கித் திரும்பிவிட்டாள்.

என் கடமையைச் செய்தேன்.
அக்டோபரில் எங்கள் ஊரில்
எந்தக் காலணிதான் நனையாது?
மழையாக இருக்கலாம் என்று எழுதினேன்.
எழுதியபின் கை அரித்தது.

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கல்யாணம் செய்யலாமாம்.
செய்த கல்யாணத்தைக் காக்க
எனக்கு ஒரு பொய்க்கும் அனுமதியில்லை.
நியாயமாகச் சொல்லக்கூடியதை எல்லாம் சொல்
என்கிறது சட்டம்.
'எல்லாம்' எனக்கு எளிது.
'நியாயமாக' என்ற இடத்தில்தான்
பேனா இடறும்.

வானிலை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.
பதினேழு வருடத்துக்கு முந்தைய சனிக்கிழமையா என்று
சிரித்தாள் ஒரு பெண். காத்திருக்கச் சொன்னாள்.
வெள்ளி: இல்லை. சனி: இல்லை.
"வறண்ட வாரம்" என்றாள்,
"தூசிகூடப் பறந்திருக்கும்."

இதற்கிடையில் அல்கிமாந்தஸின் கடிதம்,
மர ஆலை ரசீதின் பின்பக்கத்தில்:
பதினோரு வருடம் அவள் வைத்த பீட்ரூட் சூப்பைக் குடித்தேன்.
ஒருநாளும் கை ஓங்கியதில்லை.
அது கல்யாணம் இல்லையென்றால்
நான் யார் வீட்டில் இருந்தேன் என்று
எழுதிக் கொடுங்கள்.

அவன் பொய் சொல்லவில்லை.
அவளும்தான்.
இரக்கம் ஒரு போர்வையென்றால்
இருவர் படுத்த கட்டிலில் அது எப்போதும்
ஒரு முழம் குட்டை.

கோப்பை வாசிக்க அவனுக்கு உரிமை உண்டு.
வந்தான். வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தான்.
நாற்பத்தொன்றில் விரல் நின்றது.
எழுத்தர் ரிமுதே தண்ணீர் வைத்தாள். தொடவில்லை.
"அந்தக் காலணியைக் காயவைத்ததே நான்தான்.
கல்யாண ராத்திரி, அடுப்பருகில்,
செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து.
மாஸ்டிஸ் ஏரிச் சேற்றின் வாடை
மீன் பிடிக்கிறவனுக்குத் தெரியாதா?
கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்."
தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

சத்தியம் செய்து சொன்னதல்ல;
பதிவில் ஏறாது.
எங்கள் மூவருக்கும் காதில் ஏறியது,
சுவரிலிருந்த சிலுவையையும் சேர்த்தால்.

எங்கள் சட்டநூலின் கடைசிப் பிரிவு
பங்குத்தந்தையரை ஊர் மாற்றுவது பற்றியது.
வெறும் அலுவலகக் காரியம்.
அதன் வாலில், யாரோ மறந்துவிட்டுப் போன குடைபோல,
ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையின் உன்னதச் சட்டம்
என்று ஒரு வாக்கியம்.
ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு படி ஏறினால்தான்
அந்தக் குடை.
ஏறாமலே கேட்பவர்களிடம் எரிந்துவிழுபவள் நான்.
இன்னமும்தான்.

மழை என்று எழுதிய பத்தியை அடித்தேன்.
வேறு ஆறு வாதங்கள் கையிலிருந்தன.
ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில்
நோட்டைப்போல் பிடித்துப் பார்த்தேன்.
பிறகு இரண்டே வரி:
பிணைப்பின் சார்பில் நியாயமாகச் சொல்ல ஒன்றுமில்லை.
தீர்ப்பாயத்தின் நீதிக்கே விட்டுவிடுகிறேன்.

நீதிபதி ஃபெலிக்ஸஸ் அடிகளார்
கண்ணாடியைக் கழற்றி
உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

தீர்ப்பு வந்து மூன்று வாரம்.
ஷிவிலே ஒரு கேக் அனுப்பினாள்; ரிமுதே வெட்டினாள்.
ரசீதுத்தாள் என் மேசையில்தான் இருக்கிறது.
அதற்குப் பதில் எழுதுவது
காப்பாளரின் வேலையில்லை.
'மதிப்புக்குரிய ஐயா' வரை
எழுதியிருக்கிறேன்.