பின் ஜிப்பில் ஒன்றுமில்லை

பங்குனி வரை இடுப்பில்தான் இருந்தது.
டாப்ஸ் முதுகோடு ஒட்டி
அதன் உருவம் அப்படியே புடைத்து நின்ற அன்று
டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.
பயமா, மரியாதையா,
இரண்டுமே என் வேலைக்கு ஆகாது.

விளக்குத்தூண் பக்கம் பேரம் பேசி
முந்நூற்று இருபதுக்கு முடித்தேன் இந்தப் பையை.
சாம்பல் நிறம், குறுக்கு வார்.
"காலேஜுக்காக்கா?" என்றான் கடைப்பையன்.
ஆமாம் என்றேன்.

முன் ஜிப்பில்
கைக்குட்டை, குளுக்கோஸ், அடையாள அட்டை.
பின் ஜிப்பில் அது மட்டும்.
பத்து ரவை. உப்புமாவுக்கு இல்லை.
ஒரு ஹேர்பின் கூட அதனோடு சேரக் கூடாது.
வியர்வையில் ஜிப் பல்லைக் கடிக்கிறது,
வாரம் ஒரு முறை மெழுகுவர்த்தி தேய்க்கிறேன்.
இடுப்பிலிருந்து எடுக்க ஒரு விநாடி,
பையிலிருந்து இரண்டரை.
நடுவில் உள்ள ஒன்றரை விநாடியில்
யாரெல்லாம் விழுவார்கள் என்று
பீரோக் கண்ணாடி முன் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

குவாரிப் பள்ளத்தில் ஒரு ராத்திரி
லாரி வெளிச்சத்தில் பார்த்ததை
பார்த்தேன் என்று சொன்ன ஒரே ஆள்
ஜெபக்கனி டீச்சர்.
அவருடைய நிழல் நான், சம்பளத்துக்கு.
கார் தருகிறோம் என்றார்கள்.
"முப்பது வருஷமா போற பஸ்ஸு.
ஒளியவேண்டியது நானா?" என்றார்.

அக்னி நட்சத்திரத்தின் ஆறாம் நாள்
பெரியாரிலிருந்து ஒத்தக்கடைக்கு,
பெண்களுக்கு இலவசச் சீட்டு, மூச்சு விட இடமில்லை.
பாலத்துக்குக் கீழே வைகை மணலாகக் கொதித்தது.
பையை வயிற்றுக்கு முன்னால் இழுத்து
ஒரு கையை அதன்மேலேயே வைத்திருந்தேன்.

சீட்டில் ஒரு பெண், எட்டாம் மாதம் இருக்கும்,
ஸ்கேன் கவரால் விசிறிக்கொண்டிருந்தாள்.
மடி என்று சொல்ல
முழங்கால் பக்கம் ஒரு சாண் மிச்சம்.
அதைத் தட்டிக் காட்டினாள்.
"குடுங்கக்கா, நான் வச்சுக்கிறேன்."

வேண்டாம் என்றேன்.
"அட, இங்கிட்டுக் குடுங்க"
என்று வாரைப் பிடித்து இழுத்தாள்.
என் கை அவள் மணிக்கட்டில் அறைந்த சத்தம்
எனக்கே பிறகுதான் கேட்டது.

பஸ் திரும்பிப் பார்த்தது.
பின்னால் ஒரு குரல்:
"மடியில கனமிருந்தாத்தானப்பா வழியில பயம்."
சிரித்தார்கள்.
கனம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஐயா.

டீச்சர் ஒன்றும் பேசவில்லை.
சம்மனும் தயிர்ச்சாதமும் இருந்த தன் பையை
அந்த ஒரு சாண் இடத்தில் வைத்தார்.
அவள் அதைக் கட்டிக்கொண்டாள்,
சிவந்த மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.
யானைமலை தெரிந்ததும்
ஜன்னல் வழியே பையை நீட்டினாள், டீச்சரிடம்.
என்னைப் பார்க்கவில்லை.

கோர்ட் வாசலில் அதை எண்ணிக் கொடுத்து
கையெழுத்துப் போட்டேன்.
மூன்று மணி நேரம் தோள் சும்மா இருந்தது.
நடக்கும்போது ஒரு பக்கமாகவே சாய்ந்தேன்.
டீச்சர் உள்ளே
ஒரே கேள்விக்கு ஏழு தரம் பதில் சொன்னார்.

திரும்பும்போது எனக்கு சீட் கிடைத்தது,
டீச்சருக்கு ஜன்னல் ஓரம்.
மாட்டுத்தாவணியில் ஏறிய சித்தாள் ஒருத்தி,
புருவத்தில் சிமெண்ட் தூசி,
கேட்கவே இல்லை.
தூக்குவாளி வைத்த ஒயர்க்கூடையை
என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தாள்.
பைக்கு நேர் மேலே.

இரண்டரை விநாடி
இப்போது நாலு. அஞ்சாகவும் இருக்கலாம்.
எடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன்.
அவள் நின்றபடியே தூங்க ஆரம்பித்திருந்தாள்.

பிரேக் போடும்போதெல்லாம்
மிச்ச ரசம் தளும்பி ஜிப்பில் சொட்டியது.
துடைக்க ஒரு கை வேண்டும்.
இரண்டு கையாலும்
கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.