அரைப்பேர்

மஸ்கெலியா பழைய பேப்பர்க் கடையில்
கறிவேப்பிலை சுற்ற இருந்ததை மீட்டு வந்தேன்.
அட்டை இல்லை.
முதல் பதினாறு பக்கம் இல்லை.
எழுதியவர் போலந்துக்காரர்,
மனசைப் பற்றி ஆராய்ந்தவர் என்று மட்டும்
உள்ளே ஓரிடத்தில் இருக்கிறது.
ஆளுக்குப் பேர் இல்லை.

எங்கள் மலையில் பேர் என்றால் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
பிள்ளைக்குக் காய்ச்சலென்று பத்து மணிக்கு இறங்கினால்
அன்றைக்கு நீ பிறக்கவே இல்லை.
பதினோரு வருஷம் செக்றோல் எழுதியவன் நான்.
எத்தனை பேரைப் பாதியாக்கினேன்
என்பதற்குக் கணக்கில்லை,
அதாவது, இருக்கிறது. ஆபிசில்.

லயத்துக் கடைசிக் காம்பராவில்
சத்தமாக வாசித்தேன்:
மனச்சாட்சி மாறாமல் ஆட்சி மட்டும் மாறினால்
பழைய எசமானே புதுச் சட்டை போட்டு வருவான்.
மருதாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்,
"அந்த ஆளு கொழுந்து எடுத்திருக்காரா?"
தெரியாது, அந்தப் பக்கம் கிழிந்துபோச்சு.
"சரி, படி."

பதினேழு குடும்பம். தலைவர் கிடையாது,
ரசீது கிடையாது, முத்திரை கிடையாது.
ஒரு பால்மா டின்.
அவர் இதற்குச் சொன்ன வார்த்தையை நான்
கூட்டாளித்தனம் என்று வாசித்தேன்.

மூன்றாம் மாசம் மூவாயிரத்து நானூறு காணோம்.
"பொலிசுக்குப் போவோம்" என்றது ஒரு குரல்.
என்னுடைய குரல்தான்.
சிலுவைராசு பெண்சாதி டிக்கோயா ஆஸ்பத்திரியில்
கிடப்பது எல்லாருக்கும் தெரியும்.
யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை.
மருதாயி எழும்பினாள்.
"கேக்கக் கூச்சப்படுற ஒசரத்துல வச்சது
நம்ம பிழைதானே?"
டின்னை எடுத்துப்போய்
பீலிக்கரைக் கல்லில் வைத்தாள்.
மூடியைக் கழற்றி
என் கையில் கொடுத்தாள்.

இன்னொரு பக்கமும் உண்டு, நீர் பட்டது:
மறந்துபோன பேரைத் தேடுகிறாய்.
இதுவா? இல்லை. அதுவா? இல்லை.
பேர் தெரியாது,
எது அது இல்லை என்று மட்டும் எப்படியோ தெரியும்.
அந்த வெற்றிடத்தைத்தான்
சோதனைச்சாலையில் வைத்து அளந்தாராம் மனுசன்.

தேர்தலுக்கு மேடை போட்டார்கள்.
சம்பள உயர்வு என்றார்கள். ஏழு பேர்ச் காணி என்றார்கள்.
கை தட்டினோம், தட்டத்தான் வேணும்.
தேயிலைக்குள்ளால் ஒற்றையடிப் பாதையில் திரும்பும்போது
"அதில்ல" என்றாள் மருதாயி.
என்ன அதில்லை?
"தெரியல. ஆனா அதில்ல."

விடியற்காலை பிரட்டுக்கு முன்னால்,
பனியில் ஆள் தெரியாத நேரம்,
டின்னுக்குள் சில்லறை விழும் சத்தம் கேட்கும்.
சில நாள் ஒருவர். சில நாள் நாலைந்து பேர்.
ஒன்று, இரண்டு என்று
விரல் தானாக மடியும் எனக்கு.
போர்வைக்குள் கையை இழுத்துக்கொள்வேன்.
மூடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.
சோப்பு வைக்கிறேன் அதில்.